இரத்தத்தின் மேல் பழி

கல்யாணம் பேசும்போது நம் வீடுகளில் எத்தனையோ விசாரணைகள் நடக்கின்றன. பிள்ளைக்கு என்ன சம்பளம், பெண்ணுக்கு என்ன படிப்பு, வீடு சொந்தமா வாடகையா என்பனவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்கப்படுகிற கேள்விகள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கூடத்தில் கேட்பதில்லை. தெருக்கோடியில் நின்று, அடுத்த வீட்டுக்காரரிடம், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "அந்தக் குடும்பத்தில் யாருக்காவது புத்தி பிசகியது உண்டா?"

"உண்டு" என்று பதில் வந்துவிட்டால் பேச்சு அத்துடன் சரி. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பி விடுவார்கள். நோயுற்றவர் பெண்ணின் சித்தப்பாவாக இருப்பார். நோயுற்றது அவர் செய்த குற்றம்; அவருக்கு அண்ணன் மகளாகப் பிறந்தது இவள் செய்த குற்றம்!

இப்படிக் கேட்கிறவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெற்ற வயிறு பயப்படுகிறது, பயந்துபோய்க் கேட்கிறது. பயப்படுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு உண்டு என்று நிதானமாகப் பார்ப்பதுதான் நியாயம். இந்த விஷயத்தில் விஞ்ஞானம் நிறையப் பேசியிருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்வோம்.

'பைத்தியம்' என்று பொதுப்படப் பேசினால் எதுவும் விளங்காது. ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்வோம். சில வாரங்கள் அந்த மனிதனுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. தூக்கம் வேண்டியதில்லை. பேச்சு வெள்ளமாய்ப் பெருகும். கையில் இருக்கிற பணமும், இல்லாத பணமும் செலவாகும். உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிறகு ஒருநாள் அதே மனிதன் படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடப்பான். சாப்பிடுவது பாரம்; பேசுவது பாரம்; உயிரோடு இருப்பதே பாரம். இரண்டுக்கும் இடையில், மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ, உங்களையும் என்னையும் போலச் சாதாரணமாக நடமாடுவான். இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று 1899-ல் வகைப்படுத்தினார் ஜெர்மனியின் டாக்டர் எமில் கிரேப்பெலின். இன்று இதை 'பைபோலார்' என்கிறார்கள். தமிழில் இருதுருவ நோய் என்று சொல்லலாம்.

இது பரம்பரையாக வருகிறதா? வருகிறது. மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. பொதுவாக 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிற இந்த நோய், தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளில் 100-க்கு 5 முதல் 10 பேர் வரை வரக்கூடும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது 100-க்கு 40 முதல் 70 வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பெற்றவருக்கே நோய் இருந்தாலும் 100 பிள்ளைகளில் 90 பேருக்கு மேல் அது வருவதில்லை. அச்சில் வார்த்ததுபோல் ஒரே எழுத்தோடு பிறந்த இரட்டையரிலும் பலர் தப்பிவிடுகிறார்கள். தெருக்கோடியில் நின்று கேட்பவரின் காதில் முதற் பாதி மட்டுமே விழுகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் அமிஷ் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருக்கிறார்கள். மோட்டார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள். தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்கிறவர்கள்; தலைமுறை தலைமுறையாக வம்சாவளியைக் குறித்து வைத்திருக்கிறவர்கள். அவர்களுள் சில குடும்பங்களில் இந்த நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. 'அது இரத்தத்தில் இருக்கிறது' என்று தங்கள் ஜெர்மன் கொச்சையில் அவர்கள் சொல்வதுண்டு. அந்த இரத்தத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார் ஜேனிஸ் எகிலாண்ட் என்ற அம்மையார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். 11-ஆவது குரோமோசோமின் ஓரிடத்தில் நோயின் வேர் இருப்பதாகத் தெரிகிறது என்றார்கள். உலகமே பரபரத்தது.

அந்தப் பரபரப்பு இரண்டு வருஷந்தான் நீடித்தது. முதல் ஆய்வில் 'நோயில்லாதவர்' என்று குறித்திருந்த இருவர் பிறகு நோயுற்றார்கள். அந்தக் குடும்பத்தின் வேறு கிளைகளில் உள்ளவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அவ்வளவுதான், 1989-ல் அந்த முடிவு சரிந்துவிட்டது. இரண்டு மனிதர்கள் நோயில் விழுந்ததால் ஒரு கொள்கை விழுந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கறை, அந்தக் கறைக்கு ஓர் இடம் என்று எளிமையாகத் தேடிய தேடல் அங்கே தடுமாறி நின்றது.

பிறகு வேறு வழியில் போனார்கள். ஒரு குடும்பத்தைப் பார்ப்பதைவிட்டு ஆயிரக்கணக்கான, பின்னர் லட்சக்கணக்கான மனிதர்களுடைய மரபணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வில் நோயோடு தொடர்புள்ள 64 இடங்கள் தெரிந்தன. 2025-ல் 1,58,036 நோயாளிகளையும் நோயில்லாத 28 லட்சம் பேரையும் ஒப்பிட்டபோது 298 இடங்கள் தெரிந்தன. இன்னும் தேடினால் இன்னும் கிடைக்கும். ஒவ்வோர் இடமும் நோய் வரும் வாய்ப்பை அணுவளவு கூட்டுகிறது, அல்லது குறைக்கிறது. அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆவதில்லை.

இதில் நம் கல்யாண விசாரணைக்குச் சம்பந்தமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த எழுத்து மாற்றங்களில் பெரும்பாலானவை அபூர்வமானவை அல்ல. நரம்பணுக்களுக்குள் கால்சியம் புகுவதற்கான வாசலை அமைக்கும் மரபணு ஒன்றில் இத்தகைய மாற்றத்தை 2008-ல் கண்டார்கள். ஐரோப்பியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருக்கிறது! அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், ஆபீசுக்குப் போய் வந்து, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, வயதாகி இறந்து போகிறார்கள். ஆக, 'சுத்தமான குடும்பம்' என்று ஒன்று எங்கும் இல்லை. கேள்வி கேட்கிறவருடைய இரத்தத்திலும் அந்தச் சில்லறை இருக்கிறது. பதில் சொல்லுகிற அடுத்த வீட்டுக்காரர் இரத்தத்திலும் இருக்கிறது. சிலருக்கு அது ஒரே பையில் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. வாழ்க்கையின் வேறு அடிகளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இந்த எழுத்துகள் மூளையில் என்னதான் செய்கின்றன? நம் உடம்பில் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே ஏடு இருக்கிறது. கண்ணிலும் அதுதான், கல்லீரலிலும் அதுதான், மூளையிலும் அதுதான். அப்படியிருக்க, கண் ஏன் கண்ணாக இருக்கிறது? எல்லா இடங்களிலும் எல்லாப் பக்கங்களும் வாசிக்கப்படுவதில்லை என்பதனால்தான். ஒரு மரபணுவைச் சமையற் குறிப்பு என்று வைத்துக்கொண்டால், அந்தக் குறிப்பை எடுத்து இன்று எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்பது வேறு விஷயம். அதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்கிறார்கள். இருதுருவ நோயோடு தொடர்புள்ள மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை சமையற் குறிப்புக்குள்ளே இல்லை. 'இதைக் கொஞ்சம் கூடச் செய்', 'இந்த இடத்தில் குறைத்துச் செய்' என்று ஓரத்தில் எழுதி வைத்த வரிகளில் இருக்கின்றன. அதாவது, குறிப்பில் கோளாறு இல்லை, அளவில்தான் வேற்றுமை.

இதை எப்படிக் கண்டார்கள்? உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. இறந்தவர்களின் மூளையை, அழுது முடிக்காத நேரத்திலேயே, குடும்பத்தார் தானம் செய்கிறார்கள். நோயுற்றவர்களும் நோயில்லாதவர்களுமாக 295 பேருடைய மூளையிலிருந்து, மனவெழுச்சியோடு தொடர்புள்ள இரண்டு பகுதிகளில் 511 மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளுக்கு வேண்டிய சில மரபணுக்களும், மூளையின் காவல் வேலையோடு தொடர்புள்ள சில மரபணுக்களும் நோயாளிகளிடம் சற்றுக் குறைவாக வாசிக்கப்பட்டிருந்தன. 'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் சிதறுகிறது. ஒரு மனிதன் கிணற்றங்கரைவரை போகிறான். உள்ளே பார்த்தால் உப்புக் கொஞ்சம் குறைந்ததுபோன்ற வேற்றுமை!

"அந்த வேற்றுமை நோயினால் வந்ததாக இருக்கலாமே? வருஷக்கணக்காகத் தின்ற மருந்தினால் வந்ததாக இருக்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்குத்தான் பிறவி எழுத்தையும் கூட வைத்துப் பார்க்கிறார்கள். நோயோ மருந்தோ பிறவியில் எழுதிய எழுத்தை மாற்றி எழுதுவதில்லை. ஆகவே, ஒரு மரபணு வாசிக்கப்படும் அளவு பிறவி எழுத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குமானால், அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி நோய்க்கு முந்தியது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அப்போதும் அந்த வேற்றுமையே நோயை உண்டாக்கியது என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பு சொன்ன கால்சியம் வாசல் விஷயத்திலேயே, மூளையின் ஒரு பகுதியில் கூடுவதாகவும் வேறொரு பகுதியில் குறைவதாகவும் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. விஞ்ஞானிகள் இவ்வளவு தயங்கித் தயங்கி எழுதுகிற இடத்தில், தெருக்கோடியில் நிற்கிற நாம் தயங்காமல் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

தயங்காத தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. கிரேப்பெலினின் வழிவந்த மனநோய் வைத்தியர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் ரூடின். மனநோய் பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்ந்தவர். 1933 ஜூலையில் நாஜி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பிள்ளை பிறக்காதபடி கட்டாய அறுவை செய்யலாம் என்றது அது. அதற்கு விளக்கவுரை எழுதியவர்களில் ரூடினும் ஒருவர். சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அந்தக் கத்திக்கு ஆளானார்கள். பிறகு கத்தியும் போதாமற் போயிற்று. 1940, 1941 ஆகிய இரண்டு வருஷங்களில் ஆஸ்பத்திரி நோயாளிகளில் சுமார் 70,000 பேரை விஷவாயு அறைகளில் கொன்றார்கள். வைத்தியம் பார்க்க வேண்டியவர்களே அனுப்பி வைத்தார்கள். இதற்காக ஜெர்மானிய மனநோய் வைத்தியர்களின் சங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2010-ல்.

'அது இரத்தத்தில் இருக்கிறது' என்று அமிஷ் விவசாயி சொன்ன வாக்கியத்தைத்தான் பெர்லின் அதிகாரியும் சொன்னார். வாக்கியம் ஒன்றே. சொன்ன பிறகு கை எந்தப் பக்கம் நீண்டது என்பதில்தான் தர்மமும் அதர்மமும் இருக்கின்றன.

அதே காலத்துக்குச் சற்றுப் பின்னால் வேறொரு கை வேறொரு பக்கம் நீண்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்கு அருகே, ஓர் ஆஸ்பத்திரியில் ஜான் கேட் என்ற டாக்டர் இருந்தார். வெறிநிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் என்ற பொருளின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார். கொந்தளிப்பு அடங்கியதை 1949-ல் எழுதினார். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்ற டாக்டர் அதைக் கையிலெடுத்து முறைப்படி சோதித்து 1954-ல் வெளியிட்டார். ஷோவின் உடன்பிறந்தவருக்கே அடிக்கடி மனச்சோர்வு நோய் வந்துகொண்டிருந்தது. லித்தியம் அதைத் தடுத்து நிறுத்தியது. 'எங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது' என்ற உண்மையை அந்த மனிதர் மூடி மறைக்கவில்லை. அதையே தம் உழைப்புக்கு உரமாக்கிக்கொண்டார்.

லித்தியம் எல்லாருக்கும் பலிப்பதில்லை. அளவு மீறினால் விஷம்; இரத்தத்தை அடிக்கடி சோதித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஆயினும் எத்தனையோ பேரைத் தற்கொலையிலிருந்து அது மீட்டிருக்கிறது. அது பிறவி எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். எழுத்து அப்படியே இருக்க, வாழ்க்கை மாறிவிடுகிறது! பிறவியில் வந்தது பிறவியோடுதான் போகும் என்று நாம் நினைப்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு என்ன வேண்டும்? வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாம் முதலதிகாரத்தைப் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறோம்.

இன்று அமெரிக்காவில் சில கம்பெனிகள், ஆய்வுக்கூடத்தில் உருவான கருக்களின் மரபணுக்களைப் பார்த்து, எதற்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கின்றன. இங்கே கட்டாயம் இல்லை. பணம் கட்டுகிறவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தம் குழந்தை துன்பப்படக் கூடாது என்று நினைக்கும் தாயை நான் ரூடினோடு சேர்த்து வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கலாம்: எதைத் தள்ளுகிறோம் என்று நமக்குத் தெரியுமா? ஐஸ்லாந்தில் 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்த நோய்க்கான எழுத்து மாற்றங்களைச் சற்றே கூடுதலாகக் கொண்டிருப்பவர்கள், நோய் இல்லாமலே, நடிகர்கள், இசைக்காரர்கள், எழுத்தாளர்கள் முதலிய கலைஞர்களின் சங்கங்களில் சற்றே கூடுதலாக இருந்தார்கள். இதைக் கேட்டு, நோய் என்பது கலைக்குக் கொடுக்கிற விலை என்று யாரும் கவிதை பாட வேண்டாம். நோயாளிகளில் பெரும்பாலோர் கவிஞர்கள் அல்லர். தூக்கமிழந்த சாதாரண மனிதர்கள். நான் சொல்வது, பிறவி ஏட்டில் ஒரு வரிக்கு ஒரே பொருள் இருப்பதில்லை என்பதுதான்.

கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன் என்ற அமெரிக்கப் பேராசிரியை இந்த நோயைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். இந்த நோயை அனுபவித்தவரும் அவரே. 1995-ல் தம் வாழ்க்கைக் கதையை எழுதினார். 'உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது. நீங்கள் பிள்ளை பெறக் கூடாது' என்று ஒரு டாக்டர் தம்மிடம் சொன்னதை அதில் குறித்திருக்கிறார். அந்த நூலின் முடிவில் அவர் சொல்லும் கருத்தை நான் மறக்க முடியாது. இந்த நோயோடு பிறப்பதா, இல்லாமல் பிறப்பதா என்று கேட்டால், லித்தியம் கிடைக்கும் என்றால் நோயோடேயே பிறப்பேன், கிடைக்காதென்றால் வேண்டாம் என்கிறார். அவருடைய நிபந்தனை இரத்தத்தைப் பற்றியது அன்று, உதவியைப் பற்றியது.

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். 1976-ல் திருத்தப்பட்ட இந்து விவாகச் சட்டம், மணத்துக்கும் மகப்பேற்றுக்கும் தகுதியற்ற அளவிலான மனநோய் என்று பேசுகிறது. 'அளவு' என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. விவாகரத்து வழக்கு ஒன்றில் 1988-ல் உச்ச நீதிமன்றமும், நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அதன் கடுமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் நோயாளியையே அளந்து பார்க்கச் சொல்கிறது. நாமோ நோயாளியின் அண்ணன் மகளை அளக்காமலே தள்ளுகிறோம்.

"அப்படியானால் மறைத்துக் கட்டிவைக்கலாமா?" என்பீர்கள். கூடாது. நோயுள்ளவர் அதைச் சொல்லாமல் மணம் முடிப்பது, கூட வாழ வருகிறவரை ஏமாற்றுவதாகும். வெறிநிலையில் கணவன் வீட்டை அடகு வைத்துவிட்டு வரும்போது, மனைவியின் துன்பம் கற்பனையன்று. மரபணுவைக் காட்டி அதை அழிக்க முடியாது. ஆனால் மறைக்கிறவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால் தண்டிக்கிறோம், அதனால் மறைக்கிறார்கள். மறைப்பதனால் வைத்தியம் தள்ளிப்போகிறது. தள்ளிப்போவதனால் நோய் முற்றுகிறது. முற்றிய நோயைப் பார்த்து, 'பார்த்தாயா, நான் அப்போதே பயந்தேன்' என்கிறோம். நம்முடைய பயமே தனக்குச் சாட்சி தயாரித்துக்கொள்கிறது.

நோய் வந்ததற்கு நோயாளி பொறுப்பல்ல. அவனைப் பெற்றவர்களும் பொறுப்பல்ல. யார் யாரிடமிருந்தோ கைமாறி வந்த எழுத்துக்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது? ஆனால் வந்த பிறகு மருந்தை விடாமல் சாப்பிடுவதும், தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வதும், மனம் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லி வைத்த மனிதரிடம் சொல்வதும் அவனுடைய பொறுப்புத்தான். அந்தப் பொறுப்பையும் அவன் ஒருவனால் சுமக்க முடியாது. மனம் ஏறியிருக்கும்போது தனக்கு நோய் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அப்போது அவனுக்காக விழித்திருக்க ஒருவர் வேண்டும். பரம்பரை அவனுக்குக் கொடுத்தது பாதிக் கதை. மறுபாதியை அவனைச் சுற்றியிருக்கிறவர்கள் எழுதுகிறார்கள்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தில், ஒரே குடும்பத்தில் பலர் நோயுற்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்து வருகிறார்கள். இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஐரோப்பிய இரத்தத்தையே பார்த்து வந்த குறை கொஞ்சம் தீரும். அந்தக் குடும்பங்கள் முன்வந்து 'எங்கள் வீட்டில் இருக்கிறது' என்று சொன்னதனால்தான் அந்த வேலை நடக்கிறது. தெருக்கோடியில் கிசுகிசுப்பாகப் பேசப்படும் ஒரு விஷயத்தை அவர்கள் வெளிச்சத்தில், பிறருக்குப் பயன்படும்படி சொல்கிறார்கள். தைரியம் என்றால் இதுதான் தைரியம்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் விசாரிக்கட்டும். விசாரிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வந்ததா?" என்று கேட்பதைவிட, "வந்தபோது நீங்கள் அவரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கட்டும். அறையில் பூட்டி வைத்தார்களா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களா? சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்களா, கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தார்களா? நாளை உங்கள் மகளுக்கு அந்த வீட்டில் ஒரு நோய் வந்தால், எந்த நோயானாலும் சரி, அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தப் பதில் சொல்லிவிடும். அதை எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்லாது.